ஃபிரிட்ஜ் மேல இருந்த சிரிஞ்சி

போன மாசம் நர்ஸுங்க தினத்துக்கு விஜயாவோட ஆஸ்பத்திரியில ஒரு விழா வெச்சாங்க. விஜயான்னா விஜயகுமாரி, எம் பொண்டாட்டி. செங்கல்பட்டுல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டர். பொன்னாடை போத்தினாங்க, கேடயம் குடுத்தாங்க, பெரிய டாக்டரு மைக்கப் புடிச்சிகினு வானளாவப் புகழ்ந்தாரு. அதோட உட்டாங்களா? வூட்டுக்காரரும் ரெண்டு வார்த்தை பேசணும்னு என்னப் புடிச்சு மேடையில ஏத்திட்டாங்க.

நான் காசிநாதன். மறைமலைநகர்ல காரு பார்ட்ஸ் செய்யற கம்பெனி ஒண்ணுக்குப் பஸ் ஓட்டறேன். அச்சரப்பாக்கம், மதுராந்தகம்னு வழி நெடுக ஆளுங்கள ஏத்திகினு போய் எறக்கறது, திரும்ப இட்டுகினு வர்றது, அதான் என் பொழப்பு. ரோட்டுல குறுக்க வர்றவன திட்டச் சொல்லு, வாய் கூசாம திட்டுவேன். மைக்கப் பாத்தா எறங்கி ஓடத்தான் தோணுது. "நல்லா பாத்துக்குவாங்க, எல்லாருக்கும் நன்றி"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. விஜயா மட்டும் கை தட்டாம என் மூஞ்சியையே பாத்துகினு இருந்தா. நான் வேற எதனா சொல்லிடுவேனோன்னு அவளுக்கு உள்ளுக்குள்ள பயம். அவளுக்கு மரியாதை செய்யற நாளுல நான் இன்னாத்துக்குச் சொல்லப் போறேன்? சொல்லல. இப்ப சொல்றேன். நடுவுல குறுக்க பேசினா எனக்குக் கோவம் வரும், கம்முனு கேளுங்க.

விஜயாவுக்குப் பொறந்த ஊரு அச்சரப்பாக்கத்துக்கு உள்ளடங்கி ஒரு கிராமம். அப்பா நெல்லும் வேர்க்கடலையும் போட்டவரு. சின்னப் புள்ளையில மோட்டார் கொட்டாய் மேல ஏறி உழுந்து கைய ஒடிச்சிகினா. எலும்ப நேராக்கறதுக்காக ஆளுக்கொரு பக்கம் புடிச்சு அமுக்கினாங்களாம். "வலிக்கிது வலிக்கிது"ன்னு இவ கத்தினா, கத்தற வாயப் பொத்தினாங்களாம். "ஒடிஞ்ச வலிகூட மறந்து போச்சுங்க, நான் சொன்னத யாருமே காதுல வாங்கல பாருங்க, அது மறக்கல"ன்னுவா. நர்ஸுக்குப் படிக்கணும்னு அவ ஒத்தக் கால்ல நின்னதுக்கு அதான் காரணம். பொண்ணு பாக்கப் போனப்பவே இந்தக் கதையச் சொன்னா. பஜ்ஜியும் காபியும் குடுக்க வேண்டிய நேரத்துல எலும்பு முறிவப் பத்திப் பேசுதே இந்தப் பொண்ணுன்னு எங்க அம்மா முழிச்சாங்க. எனக்கு அந்த எடத்துலயே புடிச்சுப் போச்சு.

வார்டுல அவ வேலை பாக்கறத நான் பல தடவ பாத்துகீறேன். டிபன் குடுக்கப் போவேன், அப்டியே ஓரமா நின்னுப்பேன். ட்ரிப்ஸ் ஏத்த நரம்பு கெடைக்கலன்னா எந்த மாடியில இருந்தாலும் அவளத்தான் கூப்புடுவாங்க. அவ போனவொடனே கைய வெச்சிட மாட்டா. மரத்துப்போற க்ரீமத் தடவி, மேல பிளாஸ்டிக் ஒட்டி உட்டுட்டு, புள்ளைகிட்ட குந்திகினு கதை பேசுவா. ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சி ஒண்ணுல தண்ணிய இழுத்து அது கையில குடுப்பா. "இந்தா, வர்ற டாக்டரு மேல அடி"ன்னுவா. சிரிஞ்சியக் கண்டு அலறிகினு இருந்த புள்ளை, கொஞ்ச நேரத்துல அதே சிரிஞ்சியால டாக்டரு சட்டைய நனச்சிட்டு கெக்கெக்கேன்னு சிரிக்கும். "வலிக்காதுடா"ன்னு அவ ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. "கொஞ்சம் வலிக்கும், நீ கத்திக்கோ, எங்க வார்டுல கத்தறதுக்குப் பர்மிஷன் கீது"ன்னுவா.

ஆறு மூஞ்சி போட்ட அட்டை ஒண்ணு அந்த வார்டுல கீது. மொத மூஞ்சி சிரிக்கும். போகப் போக வாய் கோணிகினே வந்து, கடைசி மூஞ்சிக்குக் கண்ணுல தண்ணி ஊத்தும். எவ்ளோ வலிக்கிதுன்னு சின்னப் புள்ளைக்குச் சொல்லத் தெரியாது இல்ல? அதனால எந்த மூஞ்சி உன் மூஞ்சின்னு கேப்பாங்க. புள்ளை தொடற மூஞ்சியப் பாத்து மருந்தக் கூட்டறதா கொறைக்கறதான்னு முடிவு பண்ணுவாங்க. அந்த அட்டைய எப்டிக் காட்டணும், எப்டிக் கேக்கணும்னு புதுசா வர்ற நர்ஸுங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவளே விஜயாதான்.

அவளுக்குக் கோவம் வர்ற எடம் ஒண்ணே ஒண்ணு. ஒரு தடவ ஒரு அப்பன்காரன், அழுவுற பையனப் பாத்து, "கம்முனு இல்லன்னா சிஸ்டர்கிட்ட சொல்லி பெரிய ஊசியா போடச் சொல்லிடுவேன்"னு மெரட்டினான். நம்ம ஊர்ல இது எல்லாரும் சொல்றதுதான. விஜயா அவன வராண்டாவுக்கு இழுத்துகினு வந்து வாங்கு வாங்குன்னு வாங்கினா. "ஊசின்னா தண்டனைன்னு நீ சொல்லிக் குடுத்துட்டா, நாளைக்கு அவனுக்கு நெஜமா வலிச்சா எங்கிட்ட வாயத் தொறப்பானா? வலிய மறைச்சா நான் எப்டிய்யா வைத்தியம் பாக்கறது?"ன்னு கேட்டா. எனக்கே பாவமா போச்சு. அந்த ஆளு தலையக் குனிஞ்சிகினு நின்னான்.

இப்ப வூட்டுக்கு வரேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்தவ காயத்ரி. காயுன்னு கூப்புடுவோம். தங்கம். ஆனா சோறு துன்றதுன்னா மட்டும் பேஜாரு புடிச்ச புள்ளை. ஒரு வாய் இட்லிய கன்னத்துல அடக்கிகினா, மதுராந்தகம் போயி திரும்பி வந்தாலும் அது அங்கயேதான் இருக்கும். நான் விடியறதுக்கு முன்ன பஸ்ஸ எடுக்கப் போயிடுவேன். விஜயாவுக்கு மார்னிங் டூட்டி. அந்தாண்ட ஸ்கூல் வேன்காரன் ஹாரன் அடிப்பான், இந்தாண்ட குக்கரு கத்தும், நடுவுல இவ கன்னத்த உப்பிகினு டிவி பாத்துகினு நிப்பா. ஆஸ்பத்திரியில அத்தினி புள்ளைங்ககிட்ட பொறுமையா இருக்கறவளுக்கு வூட்டுல அந்தப் பொறுமை மிச்சம் இல்ல. நான் அத ஒரு குத்தமாச் சொல்லல. நின்ன கால்லயே நிக்கற வேலை அது.

ஒரு நாள் அவ யூனிஃபார்ம் பாக்கெட்லேர்ந்து ஒரு சிரிஞ்சி கீழ உழுந்துச்சு. ஊசி இல்லாதது, வார்டுல புள்ளைங்களுக்குத் தண்ணி அடிக்கக் குடுப்பாளே, அதான். காயு எடுத்துப் பாத்து, "இன்னாம்மா இது?"ன்னு கேட்டா. விஜயா அவசரத்துல, "ம், ஊசி. சாப்புடலன்னா போட்டுடுவேன்"னுட்டா. சொல்லி வாய மூடல, கன்னத்துல இருந்த இட்லி கடகடன்னு உள்ள போச்சு. விஜயாவுக்கே சிரிப்பு வந்துடுச்சாம். அன்னிக்கு அந்த சிரிஞ்சியத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல வெச்சா.

அப்பால அது அங்கயே இருந்துச்சு. யாரும் கையால எடுக்கறதுகூட கெடையாது. விஜயா ஃபிரிட்ஜ் பக்கம் கண்ண ஓட்டினாப் போதும், பாலு காலியாவும், ஜடை பின்ன தலை நேரா நிக்கும், உழுந்து முட்டியத் தேச்சிகினு வந்தாலும் அழுகை டக்குனு நின்னுடும். எதுத்த வூட்டு சந்திரம்மா, "விஜயா பொண்ணு மாதிரி ஒரு சமத்து இந்தத் தெருவுல கெடையாதுடி, உழுந்தாக்கூட அழுவாது"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லும். அந்தப் பேச்ச கேட்டு விஜயாவுக்கும் பெருமை, எனக்கும் பெருமை. நான் அந்த ஃபிரிட்ஜ போலீஸ் ஸ்டேஷன்னு கலாய்ப்பேன். வார்டுல எந்தப் பேச்சுக்கு அவ ஒரு அப்பன வெளிய இழுத்துகினு வந்தாளோ, அதே பேச்ச வூட்டுல தெனமும் பேசினா. அவளுக்கு அது ஒறைக்கவே இல்ல. வூட்டுல இருக்கற புள்ளைய யாருங்க பேஷண்டா நெனைப்பாங்க?

காயு ஒண்ணாவது படிக்கிறப்ப ஒரு ஞாயித்துக்கெழம மூணு பேரும் மகாபலிபுரம் போனோம். கடல்ல காலு நனைக்கணும்னு ஒரு வாரமா நச்சரிச்சிகினு இருந்தவ, அங்க போனதும் மணல்ல குந்திகினு எழுந்திரிக்கவே இல்ல. வெயிலுன்னு நெனச்சோம். விஜயா எலுமிச்சை சாதம் கட்டிகினு வந்திருந்தா. "வாணாம்மா"ன்னா. "ரெண்டு வாய்." "வாணாம்மா." விஜயா சிரிச்சிகினே ஹேண்ட்பேக்கத் தொட்டு, "தோ, எடுத்துகினுதான் வந்திருக்கேன், காட்டவா?"ன்னா. பேக்குல ஒண்ணும் கெடையாது, சொம்மா வெளையாட்டுக்கு. அந்தப் புள்ளை டப்பாவ வாங்கி மொத்தத்தையும் துன்னுட்டா. பருக்கை உடல. திரும்பி வர்றப்ப திருக்கழுக்குன்றம் தாண்டி பஸ்ல அத்தனையும் வாந்தி.

மறுநாள் ஜுரம். விஜயா லீவு போட்டா. பாராசிட்டமால் குடுத்தா, ஓ.ஆர்.எஸ். குடுத்தா, வயித்த அமுக்கிப் பாத்தா. இதுல அவ கில்லாடி. புள்ளை வயித்துல கை வெச்சா எது எங்க வலிக்கிதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்னு டாக்டருங்களே சொல்லுவாங்க. "இங்க வலிக்கிதா காயு?" "இல்லம்மா." "இங்க?" "இல்லம்மா." "இந்தாண்ட?" "வலிக்கவே இல்லம்மா." வெயில்ல கெட்டுப்போன சாதம் ஒத்துக்கலன்னு முடிவு பண்ணிட்டா.

அப்பால அவளே எங்கிட்ட சொன்னா: "நான் அமுக்கறப்ப கைய இறுக்கி மூடிகினு இருந்தா. பாத்தேன். ஜுரத்துல குளிருது போலன்னு நெனச்சேன். ஊரான் வூட்டுப் புள்ளையா இருந்தா அந்தக் கையப் பாத்தே கண்டுபுடிச்சிருப்பேன்."

அதுக்கு மறுநாள் காலையில காயுவே, "இப்ப நல்லா கீறேம்மா"ன்னு சொல்லி எழுந்து குந்தினா. அத நம்பி, தூங்கட்டும்னு விஜயா உட்டுட்டா. சாயங்காலம் நான் பஸ்ஸ உட்டுட்டு வந்து பாக்கறேன், புள்ளை வயிறு பானையாட்டம் உப்பி, உதடு வெளுத்துக் கெடக்கறா. ஆட்டோவுல போட்டுகினு விஜயாவோட ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். ஸ்கேன் பாத்த டாக்டர் ராகவன், "அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருக்கு சிஸ்டர். வெடிச்சவொடனே கொஞ்ச நேரம் வலி கொறைஞ்ச மாதிரி இருந்திருக்கும். ஆனா அதுக்கு முன்னாடி துடிச்சுப் போயிருக்கணுமே, பாப்பா உங்ககிட்ட சொல்லலையா?"ன்னு கேட்டாரு.

"சொல்லல சார்"னா விஜயா. ஆப்பரேஷனுக்கு இட்டுகினு போற வரைக்கும் புள்ளை காலப் புடிச்சிகினு இருந்தா.

ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. சீழு வெளிய வர்றதுக்கு வயித்துல ஒரு குழா வெச்சிருந்தாங்க. வாயால ஒண்ணும் குடுக்கக் கூடாது, சொட்டுத் தண்ணிகூட. அன்னிக்குக் காயுவுக்கு டூட்டி ஷபானா. விஜயாகிட்ட வேலை கத்துகினு வந்த பொண்ணு, விஜயாவ அக்கான்னுதான் கூப்புடும். அது அட்டைய எடுத்துகினு வந்துச்சு. விஜயா அத வாங்கி, தானே காயு முன்னாடி நீட்டினா. "காயு, இதுல எந்த மூஞ்சி உன் மூஞ்சி?"

காயு வெரல எடுத்து மொத மூஞ்சிய, சிரிக்கிற மூஞ்சியத் தொட்டா.

விஜயாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "எம் பொண்ணு தாங்கிக்குவா ஷபானா"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டப்பவும் அதே மூஞ்சி. எப்பவும் குடுக்கற மருந்து போயிகினு இருந்துச்சு. அதுக்கு மேல வலிச்சா குடுக்கறதுக்குன்னு டாக்டரு தனியா ஒரு மருந்து எழுதி வெச்சிருந்தாரு. அது அப்டியே கெடந்துச்சு. மூஞ்சி சிரிக்கிதே, எதுக்குக் குடுப்பாங்க?

ஷபானா மட்டும் காயுவோட நெத்தியத் தொட்டுப் பாக்குது, கையப் புடிச்சு நாடியப் பாக்குது, திரும்ப அட்டையப் பாக்குது. அதுக்கு மனசு ஒப்பல. "அக்கா, காலையிலேர்ந்து பச்சத் தண்ணிகூட குடிக்கல நீங்க. டீ குடிச்சுட்டு வாங்க, நான் இருக்கேன்"னு வெரட்டாத கொறையா அனுப்புச்சு. விஜயா கதவத் தாண்டினதும் காயு பக்கத்துல குந்திகினு, "செல்லம், இப்ப சொல்லு, எந்த மூஞ்சி?"ன்னு கேட்டுச்சு.

நான் கால்மாட்டுல நின்னுகினு இருந்தேன். காயு என்னப் பாத்தா, கதவப் பாத்தா. அப்பால கடைசி மூஞ்சிய, கண்ணுல தண்ணி ஊத்துதே அந்த மூஞ்சியத் தொட்டா. தொட்டுட்டு, "அம்மா வர்றதுக்குள்ள அட்டைய மூடிடுங்க ஆன்ட்டி"ன்னா.

"ஏன்டா செல்லம்?"

"வலிக்கிதுன்னா அம்மா ஊசி எடுத்துடுவாங்க. நான் அழல. நான் சமத்து."

ஷபானா டக்குனு எழுந்து போச்சு. அந்த மருந்தக் கொண்டாந்து, "இது ஊசி இல்லடா, தோ பாரு, இந்தக் குழா வழியாவே போயிடும், உன் மேல குத்தவே மாட்டேன்"னு காட்டிக் காட்டிக் குடுத்துச்சு. கொஞ்ச நேரத்துல காயுவோட மூடின கை தானா தொறந்துச்சு. அந்தக் கையப் பாத்துட்டு நான் வராண்டாவுக்குப் போயி செவுத்தப் பாத்து நின்னு அழுதேன். ஆம்பளை அழுவக் கூடாதுன்னு எவனாவது சொன்னா, அவன் அந்தக் கையப் பாக்காதவன்.

விஜயாகிட்ட யாரு சொல்றது? ஷபானா சொல்ல மாட்டேன்னுடுச்சு. நாந்தான் சொன்னேன், டீக்கடை பெஞ்சுல குந்த வெச்சு. அழுவா, நெஞ்சுல அடிச்சிப்பான்னு நெனச்சேன். டீ கிளாஸ கீழ வெச்சா. "அப்ப ஞாயித்துக்கெழமயிலேர்ந்து வலிச்சிருக்கு"ன்னா. அப்பால, "நான் பக்கத்துல இருந்தா அவளுக்கு மருந்து கெடைக்காது. கேக்கறப்ப நான் வெளிய போயிடறேன்"னா. அம்மாவாப் பேசல, நர்ஸாப் பேசினா. அப்டித்தான் செஞ்சா. ஷபானா அட்டைய எடுத்துகினு வர்றதப் பாத்தா எழுந்து வெளிய போய் தண்ணிக் குழாய்கிட்ட நின்னுப்பா. உள்ள காயு நெஜ மூஞ்சியக் காட்டுவா, மருந்து போவும். முடிஞ்சதும் நான் கதவாண்ட வந்து தலைய ஆட்டினா இவ உள்ள வருவா. பெத்த தாயி, அவ வார்டு, அவ கத்துக் குடுத்த அட்டை. வெளிய நிக்கறா.

ரெண்டு நாள் அப்டி நின்னவளுக்கு ஒரு யோசனை வந்துச்சு. "ஃபிரிட்ஜ் மேல இருக்கற அந்த சிரிஞ்சிய எடுத்துகினு வாங்க. வேற வாணாம், அதேதான் வேணும்"னா. வார்டுல எத்தினியோ புள்ளைங்க பயத்தத் தண்ணி அடிக்க உட்டே தெளிய வெச்சவ இல்லையா? அதே மாதிரி காயுகிட்ட குடுத்து, "அம்மா மேல அடிடி, அம்மா தப்புப் பண்ணிட்டேன்"னு சொல்லப் போறாளாம். எனக்கும் நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. எடுத்துகினு வந்து குடுத்தேன். அதுல தண்ணிய இழுத்துகினு, சிரிச்ச மூஞ்சியா உள்ள போனா.

காயு அதப் பாத்தா. வயித்துல தையலு, குழா, எழுந்திரிக்கக் கூடாது. ரெண்டு கையையும் ஊனிகினு எழுந்து குந்தப் பாக்கறா. "சாப்புட்டுடறேம்மா! சாப்புட்டுடறேன்! எல்லாத்தையும் சாப்புட்டுடறேம்மா!" மூணு நாளா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாத புள்ளைங்க அது. துன்றதுக்கு அங்க ஒரு பருக்கை கெடையாது.

ஷபானா ஓடியாந்து புள்ளையப் படுக்க வெச்சுச்சு. விஜயா திரும்பி வெளிய வந்தா. அங்க பிளாஸ்டிக் கழிவுக்குன்னு செவப்புப் பை போட்ட தொட்டி ஒண்ணு இருக்கும். அதுல அந்த சிரிஞ்சியப் போட்டுட்டுத் தரையிலயே குந்திட்டா. "எங்கிட்டதாங்க சொல்லல. உலகத்துல எல்லார்கிட்டயும் சொல்லுவா, எங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டா"ன்னு அழுதா பாருங்க, அந்த மாதிரி அவ அழுது நான் பாத்ததே இல்ல. நான் கையப் புடிச்சிகினு பக்கத்துல குந்திகினேன்.

காயு பொழச்சிட்டா. வூட்டுக்கு வந்தா, ஸ்கூலுக்குப் போனா, எல்லாம் சரியாச்சு. விஜயா அவள மடியில வெச்சிகினு, "இனிமே அம்மா ஊசின்னு சொல்லவே மாட்டேன், மன்னிச்சிடுடி"ன்னா. "பரவால்லம்மா"ன்னா அந்தச் சின்னக் கழுதை. அதுக்கப்புறம் எங்க வூட்டுல ஊசிங்கற பேச்சே இல்ல. ஆனா காயு விஜயாகிட்ட ஒரு தடவகூட "வலிக்கிது"ன்னு சொன்னதில்ல. தலைவலின்னா எங்கிட்ட சொல்லுவா. வயித்துவலின்னா ஷபானாவுக்குப் போன் போடுவா. அம்மா கேட்டா, "ஒண்ணுமில்லம்மா, நல்லா கீறேன்."

வார்டுல விஜயா ஒரு புது வழக்கம் கொண்டாந்தா. வலியப் பத்திப் புள்ளைங்ககிட்ட ரெண்டு தடவ கேக்கணும். பெத்தவங்க இருக்கறப்ப ஒரு தடவ, அவங்கள வெளிய அனுப்பிட்டு ஒரு தடவ. மொதல்ல முணுமுணுத்தாங்க. அப்பால பாத்தா, ரெண்டாவது தடவ கேக்கறப்ப வேற மூஞ்சியத் தொடற புள்ளைங்க எவ்வளவோ பேரு. இப்ப அந்த ஆஸ்பத்திரி பூரா அதான் சட்டம். போன மாசம் மேடையில குடுத்த கேடயம் அதுக்குத்தான். "இப்படி ஒரு யோசனை சிஸ்டருக்கு எப்டி வந்ததுன்னு ஆச்சரியமா இருக்கு"ன்னு பெரிய டாக்டரு பேசினாரு. கீழ குந்தியிருந்த ஷபானா தலையக் குனிஞ்சிகிச்சு. விஜயா என் மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்சது அப்பதான்.

அன்னிக்கு விழா முடிஞ்சு எல போட்டு சாப்பாடு. காயு இப்ப ஒன்பதாவது படிக்கிறா, விஜயா ஒசரம் வந்துட்டா. ஃபிரெண்டுங்களோட தள்ளி குந்தி சாப்புட்டுகினு இருந்தா. விஜயா அவ பக்கம் பாத்துட்டு என் முழங்கையத் தட்டினா. "ஒரு பக்கமாவே மெல்றா பாருங்க. கடவாப் பல்லு." அத்தினி கூட்டத்துல, அவ்ளோ தூரத்துலேர்ந்து. அவ கண்ணு அப்டி. எழுந்து போயி, "பல்லு வலிக்கிதாடி?"ன்னு கேட்டா. "இல்லம்மா, நல்லாதான கீறேன்"னா காயு.

வூட்டுக்கு வந்தோம். விஜயா பொன்னாடைய மடிச்சு வெச்சா. என்னப் பாத்தா. எனக்குத் தெரியும், பல வருஷமா இதே பார்வைதான். "துணி காஞ்சிருக்கும், எடுத்துகினு வரேன்"னு மொட்டமாடிக்குப் போயிட்டா. நான் காயுகிட்ட குந்திகினு, "எத்தினி நாளா வலிக்கிது?"ன்னேன்.

"ரெண்டு மூணு நாளாப்பா. இந்தப் பக்கம். ராத்திரியெல்லாம் விண்ணு விண்ணுனு தெறிக்கிது."

எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. "ஏன்டி, உங்கம்மா கேட்டாளே, சொல்ல வேண்டியதுதான? இன்னும் இன்னாடி ஊசிக்குப் பயம் உனக்கு? எருமை மாதிரி வளந்துகீறே!"

"அய்ய, ஊசிக்குப் பயமெல்லாம் எப்பவோ போச்சுப்பா. தடுப்பூசியெல்லாம் நானே போயி கைய நீட்டினேன் இல்ல?" கன்னத்தத் தடவிகினா. "வலிக்கிதுன்னு சொன்னா அம்மா மூஞ்சி மாறிடுதுப்பா. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப மாறிச்சே, அந்த மூஞ்சி. அது எனக்கு வாணாம்."

இத்தினி வருஷமா ஆத்தாக்காரி மொட்டமாடியில நின்னது இன்னாத்துக்கு, பொண்ணு பல்லக் கடிச்சிகினது இன்னாத்துக்கு?

மாடிப்படியில விஜயா நின்னா, கையில துணியோட. கிட்ட போயி, கடவாப் பல்லு, ரெண்டு மூணு நாளா வலி, ராத்திரியில அதிகம்னு மட்டும் சொன்னேன். மூஞ்சி மாறிடுதுன்னு காயு சொன்னத எப்டிங்க சொல்றது? சொன்னா அந்த மூஞ்சிதான வரும்? விஜயா அலமாரியத் தொறந்து ஒரு மாத்திரைய எடுத்து எங்கிட்ட குடுத்தா. "நாளைக்குப் பல்லு டாக்டர்கிட்ட இட்டுகினு போங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க, வலியே இல்லன்னு துப்பிடுவா"ன்னா.

நான் மாத்திரையக் குடுத்தேன். முழுங்கத் தண்ணி வேணுமே, எடுத்துகினு வர மறந்துட்டேன். விஜயாவே சொம்புல தண்ணியோட உள்ள வந்து நீட்டினா. வாங்கிக் குடிச்சா காயு.

"வலிக்கிதாம்மா?"ன்னா விஜயா.

காயு சொம்பக் கீழ வெச்சா. ஒரு பக்கக் கன்னம் லேசா வீங்கியிருந்துச்சு. அந்த அட்டையில இருக்கற மொத மூஞ்சி மாதிரியே சிரிச்சிகினு, "இல்லவே இல்லம்மா"ன்னா.

"சரிம்மா"ன்னு விஜயாவும் சிரிச்சா. சிரிச்சிட்டு, துணிய மடிக்க உக்காந்தா.